"கோடிலேயே செக் பண்ணியாச்சு சார்"

ஏலச்சீட்டு நடத்தும் ஒரு நிறுவனம், கணக்கு இடிக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டது. டேட்டாபேஸைத் திறந்தால் வரிசையாக டேபிள்கள், ஒன்றில்கூட ஃபாரின் கீ (இந்த வரி இன்னொரு டேபிளில் நிஜமாகவே இருக்கும் வரியைத்தான் காட்ட வேண்டும் என்ற விதி) இல்லை. ஒவ்வொன்றிலும் ஐடி என்று ஒரு பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்), அதோடு சரி. மென்பொருள் எழுதிய தம்பியிடம் கேட்டேன். "கோடிலேயே செக் பண்ணியாச்சு சார், டேட்டாபேஸ்ல எதுக்கு இன்னொரு தடவை?" இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் அடுத்த முறை லிங்க் அனுப்பினால் போதுமே என்றுதான் இது.

கோடில் செக் இருந்தது உண்மை. நடந்தது இதுதான். ஏலம் முடிந்ததும் கிளையில் இருக்கும் பெண் சீட்டு எடுத்தவரின் விவரத்தைப் போட்டு சேவ் அழுத்துகிறார், நெட் மெதுவாக இருக்கிறது, இன்னொரு தடவை அழுத்துகிறார். முதல் ரிக்வெஸ்ட், "இந்தக் குழுவுக்கு இந்த மாத ஏலம் பதிவாகியிருக்கிறதா?" என்று தேடுகிறது. இல்லை. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் அதையே தேடுகிறது, அதற்கும் இல்லை. இரண்டும் எழுதிவிட்டுப் போகின்றன. டிரான்சாக்ஷனுக்குள்தானே (முழுதாக நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காது என்ற கட்டுக்குள்) போட்டிருக்கிறேன் என்பீர்கள். வழக்கமான ரீட் கமிட்டட் (மற்றவர் எழுதி உறுதியானதை மட்டும் காட்டும்) நிலையில் அது இதைத் தடுக்காது, தேடுவதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இடைவெளி இருக்கிறவரை உங்கள் இஃப் எத்தனை அழகாக இருந்தாலும் பயனில்லை. குழு எண்ணையும் மாதத்தையும் சேர்த்து ஒரு யுனிக் (அதே ஜோடி இரண்டாம் தடவை வரக்கூடாது என்ற விதி) போட்டிருந்தால், இரண்டாவது முதலாவதுக்காகக் காத்திருந்து, டூப்ளிகேட் என்று அடிவாங்கித் திரும்பியிருக்கும். ஒரே ஒரு வரி.

அதன் விலையைப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 5,000. ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார், 5,000 கமிஷன் போக 20,000 கசர் (உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளும் மீதி), தலைக்கு 1,000. ஆக ஒவ்வொருவரும் 4,000 கட்ட வேண்டும். ஏலம் இரண்டு வரியாகப் பதிவானதால் கசரைக் கூட்டும்போது 40,000 வந்தது, எல்லோரும் 3,000 கட்டினார்கள். கட்ட வேண்டியது குறைந்தால் யார் வந்து புகார் சொல்லப் போகிறார்கள்? குழு முடியும்போதுதான் தெரிந்தது.

சரி, பட்டனை ஒரு தடவைக்கு மேல் அழுத்தவிடாமல் செய்துவிட்டேன் என்று அடுத்த சமாதானம் வரும். தம்பி, உங்கள் ஸ்கிரீன் மட்டுமா அந்த டேபிளுக்குப் போகும் வழி? பழைய எக்செலிலிருந்து இம்போர்ட் பண்ணிய ஸ்கிரிப்ட், வசூல் ஆட்களின் மொபைல் ஆப், மாதக்கடைசி ராத்திரி நீங்களே கன்சோலில் உட்கார்ந்து அடித்த அப்டேட், எல்லாம் எங்கே போய் உங்கள் கோடைப் பார்க்கும்? விதி டேபிளோடு இருந்தால்தான் யார் எந்த வழியில் வந்தாலும் மாட்டுவார்கள்.

கன்ஸ்ட்ரெயின்ட்டை (டேபிளோடு எழுதும் இந்த விதிகளை) விடுங்கள், அதற்கு முன்னால் டிசைனே கோணல். உறுப்பினர் டேபிளில் குழு ஐடி என்று ஒரு காலம் (column). ஒரு ஆள், ஒரு குழு, முடிந்தது. சீட்டில் ஒரே ஆள் ஒரே குழுவில் இரண்டு சீட்டு போடுவார், வேறு மூன்று குழுவிலும் இருப்பார், இது தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இடம் இல்லாததால் கிளையில் என்ன செய்தார்கள் தெரியுமா? பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து அதே ஆளை மறுபடி பதிந்தார்கள். புள்ளி வைத்த பெயர்கள் ஒரு டேபிளில் தென்பட்டால் அங்கே ஒரு டேபிள் குறைகிறது என்று அர்த்தம். பீட்டர் சென் 1976-ல் ஈஆர் மாடலை (ஆட்கள், பொருட்கள், அவற்றின் உறவுகள் என்று டேட்டாவைப் பிரித்து வரையும் முறையை) எழுதியபோதே உறவுக்கும் சொந்தப் பண்புகள் உண்டு என்று சொல்லிவிட்டார். ஆள் தனி, குழு தனி, நடுவில் இருக்கை என்று ஒரு டேபிள், அதன் கீ குழு எண்ணும் இருக்கை எண்ணும்.

ஏல டேபிள் அந்த இரண்டையும் சேர்த்தே ஃபாரின் கீயாகக் காட்ட வேண்டும். வெறும் இருக்கை ஐடியை மட்டும் வைத்தால், ஐந்தாம் குழுவின் ஏலத்தை எட்டாம் குழுக்காரர் எடுத்ததாகப் பதியலாம், டேட்டாபேஸ் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும். ஒரு இருக்கை ஒரு தடவைதான் எடுக்கலாம் என்பதற்கு அதே இரண்டின் மேல் இன்னொரு யுனிக்.

இதைப் படித்துவிட்டு கண்ட இடத்தில் எல்லாம் பூட்டும் போடாதீர்கள். மொபைல் எண்ணுக்கு யுனிக் போட்ட புண்ணியவான்கள் உண்டு. அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே போன் இருக்கிற வீடுகள் எத்தனை! கவுண்டரில் இருப்பவர் ஒன்பதுகளை மாற்றி மாற்றி அடித்து ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போவார். டிசைன் வரைவதற்கு முன் அரைநாள் அந்தக் கவுண்டரில் போய் உட்காருங்கள், மேனேஜரிடம் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். கமிஷனும் அப்படித்தான். சீட்டு நிதிச் சட்டத்தில் 5 சதவீதமாக இருந்த உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 7 ஆனது. 5 என்று கோடில் பத்து இடத்தில் எழுதியவர்கள் பாடு திண்டாட்டம். விகிதம் ஒவ்வொரு குழுவின் வரியிலும் ஒரு காலமாக இருக்கட்டும், பழைய ஒப்பந்தம் பழைய விகிதத்திலேயே ஓடும்.

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் நீங்கள் டேபிளில் எழுதும் செக் கன்ஸ்ட்ரெயின்ட்டை (மதிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற விதியை) பணிவாக வாங்கிக் குப்பையில் போட்டுவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது. டேபிள் மைஐசாமில் (அதன் பழைய சேமிப்பு முறையில்) இருந்தால் ஃபாரின் கீக்கும் அதே கதி. எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ சோதனையை ஒவ்வொரு கனெக்ஷனிலும் நீங்கள்தான் பொதுவாக ஆன் செய்ய வேண்டும். போட்டால் போதாது, தப்பான வரி ஒன்றைச் செருகி, அது மறுக்கிறதா என்று பாருங்கள். காலி விடக்கூடாத காலத்தில் நாட் நல் போடுங்கள், நல் (காலி மதிப்பு) வந்தால் செக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். டெலீட் கேஸ்கேட் (ஒன்றை அழித்தால் அதைச் சார்ந்த வரிகளும் அழிவது) ரசீது டேபிள் பக்கமே வரக்கூடாது. பணத்துக்கு ஃப்ளோட் (தோராய எண்) வேண்டவே வேண்டாம், டெசிமல் (துல்லிய எண்) போடுங்கள்.

கன்ஸ்ட்ரெயின்ட் போட்டால் வேகம் குறையும் என்கிறவர்களுக்கு: ஒரு சீட்டுக் கம்பெனியின் தினசரி வசூல் எத்தனை வரி வரும்? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஃபாரின் கீ காலத்துக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) தானாக வராது, அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், வேகப் புகாரில் பாதி அங்கேயே தீரும்.

ஏற்கெனவே ஓடுகிற டேட்டாபேஸா? பயப்படாதீர்கள், ஆனால் தயவுசெய்து முதலில் பேக்கப். அப்புறம் லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாத வரியையும் காட்டும் இணைப்பு) போட்டு அநாதை வரிகளை, அதாவது தாய் டேபிளில் ஜோடி இல்லாதவற்றைத் தேடுங்கள், அதை அழிக்காமல் கணக்குப் பிரிவில் காட்டி முடிவு கேளுங்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய பணம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்றால் ஃபாரின் கீ, செக் இரண்டையும் நாட் வேலிட் (பழைய வரிகளை இப்போது சோதிக்காதே) என்று சேர்த்தால் தப்பான புதிய வரிகள் அன்றிலிருந்தே மாட்டும், பழையதைச் சுத்தம் செய்த பிறகு வேலிடேட் கொடுத்துக்கொள்ளலாம்.