சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தால், குறை சுண்ணாம்பில் இல்லை

புது வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேண்டும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். பூசி ஒரு வருஷம் ஆவதற்குள், கை பட்டாலே மாவாக உதிரும் சுவர்களும் இருக்கின்றன. பழி சுண்ணாம்பின் மேல் விழுகிறது. பெரும்பாலும் நடந்தது என்னவென்றால், சிமெண்டுக்குப் பழகிய வேகத்தில் சுண்ணாம்பு வேலையை முடித்திருப்பார்கள்.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாக மாறும். அந்த மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்ளே மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் பிடிபடும்.

முதலில் நீற்றல், அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் கொதித்து அடங்கவிடுவது. சுட்ட சுண்ணாம்பு கட்டியாக இருக்க வேண்டும். காற்றுப்பட்டுத் தூளாகிப்போனது பாதி செத்த சரக்கு. தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதில் கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடக்கூடாது. கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொதி அடங்கியதும் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது மூன்று வாரம் ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும்? நீறாத சிறு துணுக்குகள் சுவருக்குள் போய் உட்காரும். மாதங்கள் கழித்து ஈரம் பட்டதும் அவை பருத்து, மேலே இருக்கும் பூச்சை வட்டமாகத் தள்ளிவிடும். உதிர்ந்த குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் காரணம் இதுதான். கடுக்காய் ஊறலும் வெல்லத் தண்ணீரும் நல்ல சேர்மானங்கள்தான். ஆனால் சரியாக நீறாத சுண்ணாம்பை அவை காப்பாற்றாது. வெல்லம் கூடினால் இறுகுவதும் தாமதமாகும்.

உள்சுவருக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒரு லிட்டர் காய்ந்த மணலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய்விடும். அந்த இடைவெளியைத்தான் சுண்ணாம்பு நிரப்புகிறது. சுண்ணாம்பைக் கூட்டினால் பலம் கூடாது, சுருங்கி வெடிக்கும். மழை அடிக்கும் வெளிச்சுவருக்கு 1 சுண்ணாம்பு, 1 செங்கல் தூள், 2 மணல் என்று போடலாம். செங்கல் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். கண்ணாடி போலக் கருகிய செங்கல்லின் தூள் அதற்கு உதவாது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு சட்டி சிமெண்டைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள்.

பூசும் முன் சுவரை முந்தின நாளும் அன்று காலையும் நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிமானம் இருக்காது. ஒரு கைக்கு, அதாவது ஒரு தடவைப் பூச்சுக்கு, 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் போதும். ஒரே கையில் 25 மில்லிமீட்டர் அப்பினால் வெளித்தோல் இறுகி உள்ளே பச்சையாகவே கிடக்கும். அடுத்த கைக்கு முன் ஒரு வாரமாவது விடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது.

வெயில்தான் பெரிய எதிரி. ஈரம் இல்லாவிட்டால் கரியமில வாயு வினைபுரியாது. வெயிலில் ஒரே நாளில் காய்ந்த பூச்சு காய்ந்ததுதான், இறுகியது அல்ல. நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, தண்ணீரைப் பனி போலத் தெளித்து, ஒரு வாரம் முதல் பத்து நாள் மெல்ல உலரவிடுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தாலும் தவறு, துளைகளில் தண்ணீர் நின்றால் காற்று புகாது. இறுகியதா என்று சந்தேகம் இருந்தால் ஓர் ஓரத்தைப் பெயர்த்து, அந்த முறிவில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பாக மாறும் ஆழம் இன்னும் இறுகவில்லை. நிறம் மாறாத பகுதி கல்லாகிவிட்டது.

கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் விரிசல் வருவது சகஜம். கான்கிரீட்டை நன்றாகக் கொத்திவிட்டு, இருபுறமும் 10 சென்டிமீட்டர் ஏறும்படி கண்ணாடி இழை வலை வைக்க வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குச் சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பைப் போடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. கல்லாக மாறிய சுண்ணாம்பு கம்பியைத் துருவிலிருந்து காக்காது.

இவ்வளவும் செய்துவிட்டு மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவர் மூச்சுவிடும் வழியை அடைத்துவிடுகிறோம். உள்ளே தங்கிய ஈரம் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும். சுண்ணாம்பு வெள்ளையே போதும். பால் பதத்தில் கரைத்து, சுவரை லேசாக நனைத்து, நாளுக்கு ஒரு கையாக நான்கைந்து கை அடிக்க வேண்டும். அடிக்கும்போது சுவர் கண்ணாடி போலத் தெரியும், வெண்மை உலர்ந்த பிறகுதான் ஏறும். தூரிகை பட்ட உடனே வெள்ளையாகத் தெரிந்தால் கரைசல் கெட்டி, தண்ணீர் விடுங்கள்.