ஏஜென்சி மூலம் ஆஸ்பத்திரி வேலையா? உங்களுக்குச் சேர வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி என்று செட்டிநாட்டுப் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் விசாரித்தாலும், "தூய்மைப் பணிக்கு ஆள் நிக்க மாட்டேங்குது, வார்டுக்கு ஆயாம்மா கிடைக்கல" என்ற பேச்சு வருகிறது. வேலை கடினம்தான். ஆனால் கல்யாணச் சமையலுக்குப் போனால் கூலி கையோடு வருகிறது. ஆஸ்பத்திரியில் ஏஜென்சி மூலம் சேர்ந்த பலருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வரும், பிடித்த பணம் எங்கே போனது என்பதே தெரிவதில்லை. சட்டப்படி சேர வேண்டியது ஒழுங்காக வந்தால் இந்த வேலையில் நிலைத்து நிற்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சம்பளம். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். "பில் இன்னும் பாஸ் ஆகலை அக்கா, ஏஜென்சிகிட்ட கேளுங்க" என்று சொல்லி ஆஸ்பத்திரி கையைக் கழுவ முடியாது. ஒப்பந்ததாரர், அதாவது ஏஜென்சிக்காரர், கொடுக்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி நிர்வாகமே கொடுக்க வேண்டும்; பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ம் பிரிவு இதைத்தான் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பொறுப்பு அப்படியே இருக்கிறது. பலருக்குத் தெரியாத விதி இது. ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட வலுவானது.

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் தமிழக அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. அதில் அகவிலைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறும். ஆள் குறைவு என்று இரண்டு வார்டையும் ஒருவர் தலையில் கட்டி, ஷிப்ட் முடிந்த பிறகும் நிறுத்திவைத்தால், கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி உண்டு.

அடுத்தது பிடித்தம். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.புக்கு (வருங்கால வைப்பு நிதிக்கு) உங்களிடம் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் பிடிக்கலாம். இ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் காப்பீட்டுக்கு) 0.75 சதவீதம், 75 ரூபாய். கையில் 8,725 வர வேண்டும். முதலாளி தன் பங்காக பி.எஃப்.புக்கு இன்னொரு 1,200, இ.எஸ்.ஐ.க்கு 325 ரூபாய் கட்ட வேண்டும். இந்த 1,525 ரூபாயையும் உங்கள் சம்பளத்திலேயே பிடித்து 7,200 கொடுத்தால் அது சட்டவிரோதம். சம்பளச் சீட்டு கேளுங்கள். அது இல்லாமல் எதையும் சரிபார்க்க முடியாது.

பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் உண்டு. டெண்டர் மாறி ஏஜென்சி மாறினாலும், நீங்கள் காரைக்குடியிலிருந்து மதுரைக்கே வேலைக்குப் போனாலும், அந்த எண் மாறாது. புது ஏஜென்சி புது எண் போட வந்தால் பழையதைக் காட்டித் தடுத்துவிடுங்கள். மொத்தம் 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன் கிடைக்கும். கணக்கு துண்டு துண்டாகச் சிதறினால் அந்த 10 ஆண்டை நிரூபிக்கவே அலைய வேண்டும். கணக்கில் பதிவான செல்போனிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எவ்வளவு என்று எஸ்.எம்.எஸ். வரும். பிடித்தார்கள், ஆனால் கட்டவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இ.எஸ்.ஐ. என்பது சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு. வைத்தியம் உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். வேலையில் காயம் பட்டால் அந்த 78 நாள் கணக்கெல்லாம் இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் 90 சதவீதக் கூலி உண்டு.

காயம் என்றதும் ஊசிக்குத்து பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். குப்பைப் பையில் யாரோ போட்ட ஊசி விரலில் ஏறிவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். "சொன்னா வேலை போயிரும்" என்று மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், நடந்ததை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். அந்தப் பதிவு இருந்தால்தான் இ.எஸ்.ஐ.யில் வேலைக் காயம் என்று நிலைநாட்டுவது எளிது.

2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லோரையும் ஆஸ்பத்திரியின் பொறுப்பில் வைத்திருக்கின்றன. ஏஜென்சி ஆள் என்று ஒதுக்க முடியாது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் நடத்த வேண்டும். கையுறை, மாஸ்க் போன்ற பாதுகாப்புச் சாதனங்கள் தருவதும் அவர்கள் கடமை.

தமிழக அரசின் தூய்மைப் பணிபுரிவோர் நல வாரியம் 2007-ல் தொடங்கியது. அதில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற விவரத்துக்கு மாவட்டத் தாட்கோ (தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம்) அலுவலகத்தைக் கேட்கலாம்.

புகார் என்றால் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு இடத்திலும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். தனியாகப் போக பயமாக இருந்தால், ஒரே ஷிப்ட் ஆட்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். மனுவில் ஆஸ்பத்திரி பெயரையும் ஏஜென்சி பெயரையும் இரண்டையுமே எழுத வேண்டும். சம்பளம் வராத மாதங்கள், யு.ஏ.என்., இ.எஸ்.ஐ. எண், வங்கிப் பாஸ்புக் நகல் எல்லாம் இணையுங்கள். மனு பெற்றதற்கான ரசீதை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.