சர்வருக்கு ஏது சுயவிவரம்?

கணினி எப்படி இயங்க வேண்டும் என்ற அமைப்பைக் குறிக்கும் 'சிஸ்டம் புரொஃபைல்' என்பதைக் 'கணினிச் சுயவிவரம்' என்று எழுதுவதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலையில் லினக்ஸ் இயங்குதளம் படிக்க வரும் பிள்ளைகளிடம் இந்த ஒரு சொல்லைத்தான் ஓயாமல் அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். "சர்வர் வேலைக்கு மனு போடப் போகுதா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. சர்வர் என்பது பிற கணினிகளுக்குச் சேவை தரும் கணினிதானே. இந்த ஊரில் சுயவிவரம் வேலைக்கும் வரனுக்கும் எழுதிக் கொடுப்பது: பெயர், வயது, படிப்பு, எந்தத் தோட்டம்.

மூலச்சொல்லின் கதை சின்னது. இத்தாலிய 'புரொஃபிலோ'; உள்ளே நூல் என்று பொருள்படும் 'ஃபிலோ'. புறவரியைக் கோடாக இழுப்பது, பக்கவாட்டு முகம், அப்புறம் ஆளைப் பற்றிய குறிப்பு என்று பொருள் நகர்ந்தது. சுயவிவரம் பிடித்தது கடைசிப் பொருளை மட்டும். ஃபேஸ்புக்குக்கு அது போதும்.

லினக்ஸ் சர்வருக்குப் போதாது. அமைப்பு முழுவதையும் ஒரே கோப்பில் எழுதிக் கட்டும் நிக்ஸ் முறையில் வலைச் சர்வரை நடத்துகிறவர், வலைப்பக்கங்களை அனுப்பும் நிரலான என்ஜின்எக்ஸ் 80, 443 போர்ட்டுகளை (வலைத்தொடர்பு வாயில்களை) திறக்க வேண்டுமா, எந்தப் பாதுகாப்புச் சான்றிதழ், எந்தக் கோப்புறை என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்கிறார். அதிலிருந்து அமைப்பு முழுவதும் கட்டப்பட்டு ஒரு புதிய தலைமுறையாக, அதாவது புதிய பதிப்பாக, நிற்கும். அந்தத் தலைமுறைகளில் நடப்பில் உள்ளதைச் சுட்டும் இணைப்புத்தான் புரொஃபைல். மாற்றம் சொதப்பினால் முந்தைய தலைமுறைக்குத் திருப்பிவிடலாம். பழைய என்ஜின்எக்ஸ் அமைப்பு அப்படியே வந்துவிடும். (தரவுத்தளத்தில் எழுதியது திரும்பாது, அது வேறு கதை.) இதில் 'சுயம்' எங்கே? சர்வர் தன்னைப் பற்றி வாயே திறக்கவில்லை. 'விவரம்' எங்கே? இது சர்வரைப் பற்றிய குறிப்பே அல்ல, சர்வர் நடக்கும் விதமே இதுதான். கணினியின் செயல்திறனைச் சீரமைக்கும் டியூன்டி கருவியிலும் அப்படித்தான்: புரொஃபைலை மாற்றினால் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) அமைப்புகளே மாறும்.

என் சொல் 'கோலம்'. சிரிக்க வேண்டாம். வாசலில் போடுவது மட்டுமா கோலம்? மணக்கோலம், போர்க்கோலம், தவக்கோலம் இல்லையா? ஆள் அதே ஆள், பூண்ட கோலம் வேறு. 'அமைப்புக்கோலம்' என்றால் பூணலாம், மாற்றலாம், பழைய கோலத்துக்குத் திரும்பலாம். வினைச்சொற்கள் தயாராக நிற்கின்றன. கோடு இழுப்பதும் கோலம்தானே, இத்தாலிய நூலும் அறுந்துபோகவில்லை. நண்பர் ஒருவர் 'அமைவுத் தொகுதி' என்கிறார். தொகுதி என்றால் இங்கே வாக்குப்பெட்டிதான் ஞாபகம் வரும்.

ஆப்ஆர்மர் என்ற லினக்ஸ் பாதுகாப்புக் கருவியின் புரொஃபைலுக்குக் கோலம் ஒட்டாது, ஒப்புக்கொள்கிறேன். அது ஒரு நிரல் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடு. அங்கே 'வரம்பு' என்று எழுதுவேன். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல் என்று யார் விதித்தது? மொழிபெயர்ப்பவர் கையில் வெறும் சொற்பட்டியல். அந்தச் சொல் எந்தத் திரையில், எந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்க்காமலே நிரப்பிவிடுகிறார்.

சுயவிவரம் தூய தமிழ் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு ஒன்று: சுயம், விவரம் இரண்டும் வடமொழி. எனக்கு அதில் குறையில்லை. பெரட்டு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு), கிராணி (கணக்கர்) எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதான், ஆனால் பெரட்டுக்கு வா என்றால் எங்கே நிற்க வேண்டும் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. கோலம் பிடிக்காதவர்கள் 'புரொஃபைல்' என்றே எழுதட்டும். சர்வரிடம் பயோடேட்டா மட்டும் கேட்காதீர்கள்.