வான் கதவு திறந்தாச்சு: அந்தச் செய்தி எந்தப் படலை வரைக்கும் போகுது?

கார்த்திகை பிறந்துவிட்டால் வட இலங்கையின் வன்னியில் பேச்செல்லாம் குளங்களின் நீர்மட்டம் பற்றி, அடிக்கணக்கில்தான். இரணைமடு எத்தனை அடி, முத்தையன்கட்டு எத்தனை அடி, வவுனிக்குளம் வான் பாயுதா, அதாவது நிறைந்து வழியுதா? வயல் செய்பவருக்கு அந்த எண் நிம்மதி. ஆற்றோரம் குடியிருப்பவருக்கு அதே எண் நித்திரையைக் கெடுக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் அனர்த்த முன்னாயத்தப் பயிற்சி கொடுக்கும் வேலை என்னுடையது. மாரி தொடங்கமுன் சில விஷயங்களைச் சொல்லிவைக்கலாம் என்று நினைக்கிறேன்.

2018 டிசெம்பர் 21 இரவுப் பெருமழையை இங்கே யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள், அதாவது மிகுதி நீரை வெளியே விடும் கதவுகள், திறக்கப்பட்டன, குளத்துக்குக் கீழே கண்டாவளைப் பக்கம் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கதவுகளை முந்தியே திறந்திருக்கலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதைப் பொறியியலாளர்கள் பேசட்டும். கதவு திறந்த பிறகு செய்தி எப்படிப் போகிறது என்பதுதான் என் கவலை.

வழக்கமாக வரும் அறிவித்தலைப் பாருங்கள். இத்தனை கதவுகள், இத்தனை அங்குலம் திறக்கப்பட்டுள்ளன, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும். பிழையொன்றும் இல்லை. ஆனால் பன்னங்கண்டியில் மூன்று பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய் இதை வாசித்துவிட்டு என்ன செய்வார்? ஆறு அங்குலம் என்றால் முற்றத்துக்கு வருமா, வயலோடு நிற்குமா? அவதானமாக இருப்பதென்றால் முழித்திருப்பதா, வெளிக்கிடுவதா? இன்னொன்று, தன் வளவு தாழ்நிலம் என்று யாருமே நினைப்பதில்லை. பக்கத்து வளவுதான் எப்போதும் பள்ளம்.

அதனால் கிராமக் குழுக்களிடம் நான் கேட்பது, அந்த அறிவித்தலை அப்படியே அனுப்பாமல் ஊர்ப்பேச்சுக்கு மாற்றி அனுப்புங்கள் என்று. இப்படி: "செவ்வாய்க்கிழமை பின்னேரம் 4 மணி. பாலத்துக்கு வடக்கே ஆற்றோரம் உள்ள வீட்டுக்காரர் இருட்டமுன் பாடசாலைக்கு வரவும். மாடுகளை இப்பவே அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டவும். பாலத்தால் போக வேண்டாம். அடுத்த அறிவித்தல் 6 மணிக்கு." இதில் நான் விட்டுக்கொடுக்காதது முதல் வரியும் கடைசி வரியும். நாளும் நேரமும் இல்லாத செய்தி வட்ஸ்அப்பில் மூன்று நாள் சுற்றும், அடுத்த வருசமும் வரும். கடைசி வரியில் சொன்னபடி 6 மணிக்குக் கட்டாயம் பேச வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லையென்றால், "மாற்றமில்லை, அடுத்தது 8 மணிக்கு" என்றாவது சொல்லுங்கள். நாம் பேசாமல் இருக்கும் நேரத்தில்தான் "குளக்கட்டு உடைஞ்சிட்டுதாம்" என்ற கதை கிளம்பும். இருட்டுக்குள், ஓடும் தண்ணீருக்குள் சனத்தை இறக்கிவிடும் கதை அது.

மழை பெய்யவில்லையே என்று இருந்துவிடவும் கூடாது. கனகராயன் ஆறு தெற்கேயிருந்து வந்து இரணைமடுவில் நிறைந்து, வடக்கே சுண்டிக்குளம் நோக்கிப் போகிறது. மேலே மாங்குளம் பக்கம் கொட்டுகிற மழை, கீழே வானம் வெளித்திருக்கும்போதும் தண்ணீராக வந்து சேரும். கதவு திறந்து எவ்வளவு நேரத்தில் உங்கள் ஊருக்கு வரும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பழைய வெள்ளங்களைக் கண்ட பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். தண்ணீர் ஏறின உயரத்தைப் பாடசாலைச் சுவரில் பெயின்ரால் கீறிவைத்தால் இன்னும் நல்லது.

பெரிய குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்த்துக்கொள்ளும், நீர்மட்டமும் அங்கிருந்து தெரியவரும். சிறுகுளங்களின் கதை வேறு. வான் கதவு கிடையாது, இரவில் அளவு பார்க்க ஆளும் கிடையாது. ஒன்று உடைந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்தின் கட்டில் போய் மோதும். கமக்காரர் அமைப்பில் இரண்டு பேரையாவது கட்டைப் பார்க்க ஒழுங்கு பண்ணுங்கள். கட்டின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் விடாமல் கவனிக்க வேண்டும். அதே கசிவு கலங்கலாக மாறினால் உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். கீழே இருப்பவர்களை உடனே எழுப்புங்கள், அப்புறம் விதானையாருக்கும் (கிராம சேவையாளர்) அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள்.

இனி, எதனால் சொல்வது. வட்ஸ்அப் நல்லதுதான், கரண்ட் நின்று கோபுரத்தின் பற்றறியும் இறங்கும்வரை. கோயில் ஒலிபெருக்கி கொட்டும் மழையில் தகரக் கூரைக்குக் கீழே கேட்காது. அதற்குப் பிறகு மிஞ்சுவது ஆட்கள்தான். எந்த இளைஞர் எந்த ஒழுங்கைக்குப் போவது, எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் போரில் காலை இழந்தவர், யாருக்கு உழவு இயந்திரம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் மழைக்கு முன்பே தாளில் இருக்கவேண்டும். போனில் சேமித்த பட்டியல் போனோடு போய்விடும்.

சொன்னாலும் சிலர் எழும்பமாட்டார்கள். "இன்னொருக்கா மூட்டை கட்ட ஏலாது தம்பி" என்று ஒரு அம்மா சொன்னால், அதைப் பிடிவாதம் என்று எழுதிவிடாதீர்கள். போர் முடிந்த 2009 வரை எத்தனை இடம் மாறின சனம். அவரிடம் அபாயத்தை இன்னொரு தரம் விளக்கிப் பயனில்லை. காணி அனுமதிப்பத்திரம் எங்கே இருக்கு, மாட்டுப் பட்டியை யார் திறப்பது, பாடசாலையில் பெண்களுக்குத் தனி இடமும் கழிப்பறையும் இருக்கா? இவற்றுக்குப் பதில் வைத்துக்கொண்டு போனால் அநேகமாக வருவார்கள். மாட்டுக்காகவே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அதனால்தான் மேலே மாட்டையும் அறிவித்தலில் சேர்த்தேன்.

தண்ணீர் வடிந்ததும் குழுக்கள் களைத்துப்போய் அறிவித்தலை நிறுத்திவிடுகின்றன. சனம் கேள்வியோடு நிற்பது அப்போதுதான்: எப்போது வீட்டுக்குப் போகலாம், எந்தப் பாலம் அரித்திருக்கு, மின் இணைப்பைத் தொடலாமா? கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்த நாள் எந்த ஒழுங்கைக்கு வருகிறார் என்பதையும் அதே மாதிரி, நாளும் நேரமும் போட்டு அறிவியுங்கள்.