இல்லாத கட்டுரையைத் தேடி வரும் மாணவர்களும், ஏஐ பற்றி நூலகர்கள் நாமும்

"சார், இந்தப் பேப்பர் மட்டும் எங்க தேடியும் கிடைக்கல, நீங்க கொஞ்சம் எடுத்துத் தரணும்." கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது இப்போது பழகிப்போன கோரிக்கை. பட்டியலைப் பார்த்தால் ஆசிரியர் அந்தத் துறையில் எழுதுகிறவர்தான், ஜர்னலும் உண்மையில் வருகிற ஜர்னல்தான், ஆண்டு, தொகுதி, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கட்டுரையை இணையத்தில் அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணைப் போட்டால் சம்பந்தமே இல்லாத ஒரு கட்டுரை திறக்கும், அல்லது எதுவுமே திறக்காது. சரி, எண்ணில் ஏதோ பிழை என்று அந்த இதழின் பொருளடக்கத்தை எடுத்து அதே பக்கத்தைப் பார்த்தால், வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருப்பார். "இது சாட்ஜிபிடி கொடுத்ததாப்பா?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

மாணவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. 2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய வழக்குகளை மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. 2025 மே மாதம் சிகாகோ நாளிதழ் ஒன்றின் இணைப்பில் ஏஐ துணையோடு தயாரித்து வந்த கோடைக்கால வாசிப்புப் பட்டியலில் 15 நூல்களில் 10 எழுதப்படவே இல்லாதவை.

இந்த நிலைமையில் நம் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்றால், நான் பழகிய வட்டத்தில் ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் வாய்பிளப்பு. கார்டு கேட்டலாக்கிலிருந்து கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறியபோதும் வேலை போய்விடும் என்றுதான் பேசினோம், போகவில்லை. ஆனால் இந்த முறை "அதான் ஏஐ இருக்கே, நூலகத்துக்கு இன்னொரு ஆள் எதுக்கு" என்று நிர்வாகமே கேட்கத் தொடங்கியிருப்பதால் அந்தப் பயத்தை வெறும் மூட நம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். வாய்பிளக்கிறவர்களில் பலர் ஏஐயை, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான அறிக்கைக்கு ஆங்கிலம் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை!

என் கருத்து இதுதான்: கருத்தரங்கில் உட்கார்ந்து ஆதரவா எதிர்ப்பா என்று பேசுவதற்கு முன், நமக்கு நன்றாகத் தெரிந்த வேலையை ஏஐயிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பத்துத் தமிழ் நூல்களுக்கு டியூயி வகைப்பாட்டு எண் (நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) கேளுங்கள். தமிழ் இலக்கியம் என்றால் 894.811 என்பது வரை பெரும்பாலும் வந்துவிடும், அதற்கு அப்புறம் கவிதையா, நாடகமா, எந்தக் காலம் என்று பிரிக்கும் இடத்தில் தடுமாறும், தடுமாறுவதையும் முழு நம்பிக்கையோடு சொல்லும். ஒருமுறை இதைப் பார்த்தவருக்குப் பயமும் குறையும், வியப்பும் குறையும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ப்ளேஜியாரிசம் ரிப்போர்ட் எடுத்துக் கையெழுத்துப் போடுகிற வேலை பல இடங்களில் நூலகரிடம்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறை ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்கிறது. அது பேசுவது ஒப்புமையைப் பற்றி. இப்போது அதே ரிப்போர்ட்டில் "ஏஐ இத்தனை சதவீதம்" என்று இன்னொரு எண்ணும் வருகிறது, அதையும் இதையும் ஒன்றாகக் குழப்பி ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புகிற கைடுகளைப் பார்க்கிறேன். ஒப்புமை என்றால் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று மூலத்தைத் திறந்து காட்டலாம். ஏஐ சதவீதத்துக்குக் காட்ட மூலமே கிடையாது, அது ஓர் ஊகம். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை இந்த மாதிரிக் கருவிகளில் போட்டுப் பார்த்தபோது, மனிதர் எழுதிய அவற்றில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று முத்திரை விழுந்தது. நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் எந்த வகை என்று சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிடின் என்ற ஒப்புமை சரிபார்க்கும் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை அணைத்தே வைத்துவிட்டது.

அந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சாட்ட முடியாது என்று ரிப்போர்ட்டோடு ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. இன்னொன்று, சமர்ப்பிக்காத ஆய்வேட்டை முகம் தெரியாத இலவசத் தளத்தில் ஏற்றி ஏஐ சதவீதம் பார்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தக் கோப்பு யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது, நாளைக்கு மாணவர் வந்து நிற்கப்போவது உங்கள் மேஜை முன்தான்.