மாஸ்க்: முகமூடியா, முகக்கவசமா, பற்றா?

‘மாஸ்க்’குக்குத் தமிழ் என்ன என்றால் ‘முகமூடி’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதே நாவால் மருந்துக்கடையில் “ரெண்டு முகமூடி கொடுங்க” என்று கேட்கத் தோன்றுவதில்லை. அந்தச் சொல்லோடு செய்தித்தாளின் ‘முகமூடிக் கொள்ளையர்’ ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

ஆங்கிலச் சொல்லும் அவ்வளவு நல்ல இடத்துப் பிள்ளை அல்ல. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ‘மாஸ்க்’ வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் இத்தாலியில் ‘மாஸ்கெரா’. அதற்கும் பின்னால் நிற்பது இடைக்கால லத்தீனின் ‘மாஸ்கா’ என்பர். இத்தாலியை ஆண்ட லம்பார்டு இனத்து மன்னர் ரோதாரியின் 643ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அதற்குச் சூனியக்காரி என்று பொருள். கோமாளியைக் குறிக்கும் அரபுச் சொல் ‘மஸ்கரா’தான் மூலம் என்பாரும் உண்டு. சூனியக்காரியோ கோமாளியோ, இரண்டிலுமே முகம் மாறுகிறது. கண்ணிமைக்குப் பூசும் மஸ்காராவும் இந்தக் குடும்பம்தான்.

தமிழில் கதை இன்னும் நேரானது. முகம் + மூடு + இ. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, தேங்காயைத் துருவுவது தேங்காய்த்துருவி. முகத்தை மூடுவது முகமூடி. செய்கிற வேலையையே பெயராக்கும் இந்த ‘இ’ விகுதியில் ஒரு சிக்கல் உண்டு: வேலை மாறினால் பெயரும் மாறியாக வேண்டும். திருடன் மூடுவது அடையாளத்தை மறைக்க. நோயாளி மூடுவது மறைக்க அல்ல.

அதனால்தான் 2020இல் அறிவிப்புப் பலகைகளில் ‘முகக்கவசம்’ நிலைத்தது. கவசம் வடசொல். அதன் இடத்தில் பழந்தமிழில் ‘மெய்ம்மறை’ இருந்தது. பதிற்றுப்பத்து சேர மன்னனைச் ‘சான்றோர் மெய்ம்மறை’ என்கிறது, வீரர்களுக்கே கவசமாக நிற்பவன் என்ற பொருளில். மறைப்பதும் காப்பதும் ஒரே சொல்லில் அடங்கிய அழகு அது. இன்று அதை மீட்டுப் பலகையில் எழுதினால் யாருக்கும் விளங்காது, கவசமே இருக்கட்டும். எழுதும்போது மட்டும் ‘முககவசம்’ வேண்டாம். ‘முகம்’ என்பதன் ம் கெட்டு, வரும் க மிகும்: முகக்கவசம். ‘முகமூடி’யில் வருமொழி மகரத்தில் தொடங்குவதால் எதுவும் மிகாது.

நுணுகிப் பார்த்தால் அறுவை அரங்கில் அணியும் மூன்றடுக்கு மாஸ்க்குக்குக் ‘கவசம்’ சற்றுப் பொருந்தாதுதான். அது முதலில் வந்தது மருத்துவரின் எச்சில் துளி நோயாளியின் புண்ணில் விழாமல் இருக்க. யார் அணிகிறாரோ அவரைவிட எதிரே இருப்பவருக்கே அது கவசம். மூக்குக் கம்பி மேலே, மடிப்புகளின் வாய் கீழ்நோக்கி என்று அணிந்தாலும் கன்னத்தோரம் காற்று புகும். என்95 வேறு சாதி. அமெரிக்கத் தர அளவு அது. ‘என்’ என்றால் எண்ணெய்த் துளிகளைத் தாங்காதது, 95 என்றால் சுமார் 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுப்பது. முகத்தோடு இறுகப் பொருந்தினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. தாடி இருந்தால் விளிம்பில் கசியும். உள்ளே போகும் மூச்சைத்தான் இது காக்கிறது என்பதால் ‘மூச்சுக்கவசம்’ என்று பிரித்தெழுதுவது நல்லது. நெற்றியிலிருந்து தொங்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டையும் சிலர் முகக்கவசம் என்றே எழுதிக் குழப்புகிறார்கள். அதை ‘முகத் தடுப்பு’ என்றால் தொல்லையில்லை.

மேடைக்குப் போனால் கணக்கே வேறு. தெருக்கூத்தில் முகத்தின் மேல் இன்னொரு முகத்தை மாட்டுவது அரிது, அரிதாரம்தான். (அரிதாரம் என்பது உண்மையில் ஒரு மஞ்சள் கனிமம். அந்தப் பெயரே இன்று ஒப்பனை முழுவதற்கும் ஆகிவிட்டது.) தஞ்சாவூர் மாவட்டம் மெலட்டூரில் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் நடக்கும்போது பிரகலாதன் கதையில் நரசிம்மராக வருபவருக்கு முகம் உண்டு. அது பூசை பெறும் முகம். அணிபவர் விரதம் இருந்தே அணிகிறார். அதைக் கொள்ளைக்காரன் துணியோடு சேர்த்து ‘முகமூடி’ என்று எழுதக் கை கூசும். வரலட்சுமி நோன்பில் கலசத் தேங்காயில் பொருத்தும் வெள்ளி முகத்தை வீட்டில் யாரும் முகமூடி என்பதில்லை, ‘அம்மன் முகம்’தான். மூடுவதற்கு அங்கே உள்ளே வேறு முகமே இல்லையே.

யானைக்கும் ஒரு சொல் உண்டு. 1087ஆம் குறளில் வரும் ‘கட்படாம்’ மதக்களிற்றின் கண்ணை மறைக்கும் துணி: கண் + படாம். கோயில் யானைக்கு அணிவிக்கும் முகபடாம் அதன் உறவு.

அழகுநிலையத்தில் ‘மாஸ்க் போடுறது’ என்றால் எந்தக் கவசமும் இல்லை, பூச்சு. தலைவலிக்கு நெற்றியில் சுக்கை உரசிப் ‘பற்றுப் போடும்’ ஊரில் இதற்கு வேறு சொல் தேடுவானேன்? ‘முகப்பற்று’ போதும். முல்தானி மண் பற்றை முழுக்கக் காய்ந்து வெடிக்கும்வரை விட்டால் தோல் இழுத்து வறண்டுவிடும். ஓரம் வெளுத்து நடுவில் ஈரம் இருக்கும்போதே கழுவ வேண்டும்.

சுவருக்கு வண்ணம் அடிப்பவர் ஒட்டும் மாஸ்கிங் டேப் ‘மறைப்பு நாடா’. வண்ணம் இறுகிய பிறகு உரித்தால் விளிம்போடு பெயர்ந்து வரும். சற்றே ஈரமாக இருக்கும்போது சாய்வாக உரிக்க வேண்டும். முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் ஆதார் நகலையும் அப்படியே ‘மறைப்பு ஆதார்’ எனலாம்.

கணினி முகவரியில் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று பிரித்துக் காட்டும் ‘சப்நெட் மாஸ்க்’தான் எதற்கும் அடங்காது. 192.168.1.37 என்ற முகவரியோடு 255.255.255.0 என்ற மாஸ்க்கை, இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 நிற்கும்படி பிட் பிட்டாக (0, 1 இலக்கங்களாக)ப் பொருத்தினால் 192.168.1.0 கிடைக்கும். 255 உள்ள இடத்தில் எண் அப்படியே இறங்குகிறது, 0 உள்ள இடத்தில் அடைபடுகிறது. கோலமாவு அச்சில் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் மாவு இறங்குவது போல. இதற்கு ‘முகமூடி’ என்று பாடநூலில் எழுதினால் மாணவனுக்கு ஒன்றும் புரியாது. பொருளைச் சொல்ல ‘அச்சு’ உதவும்; பெயராக மாஸ்க்கையே வைத்துக்கொள்ளலாம்.