பலகைக்குப் பின்னால் இருக்கும் வண்டி

ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் ஒரே சுற்றில் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. திங்களூரில் தொடங்கி சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், ஆலங்குடி என்று வட்டமடித்து வந்துவிடலாம். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் முழங்கால் அறுவைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார அவரால் முடியவில்லை. வழியில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரும் குடிப்பதில்லை. அதனால்தான் கும்பகோணத்தில் இருக்கும் அண்ணன், உள்ளேயே படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள கேம்பர்வேன் வாங்கும் யோசனைக்கு வந்தார்.

இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருந்தார். ஒன்று, ஒரு நிறுவனம் முழுவதுமாகத் தயாரித்து, கேரவன் (இப்படி வீடு வைத்த வண்டி) என்ற வகையிலேயே ஒப்புதல் வாங்கி விற்பது. இன்னொன்று, ஒரு பயணிகள் வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து ஒரு ஷெட்டில் கட்டியது. இரண்டாவதன் விலை ஏறக்குறைய பாதி. “நீ பிசிக்ஸ் வாத்தியார்தானே, எது நல்லதுன்னு நீயே சொல்லு” என்று விட்டுவிட்டார்.

கம்பெனி வண்டி, கட்டிய வண்டி என்ற பிரிவே நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவானதல்ல. நம் ஊரில் ஓடும் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் சேஸ் என்கிற அடிச்சட்டமும் ஒரு தொழிற்சாலையில் தயாராகும். பாடி கட்டுவது கரூரில். கேம்பர்வேனின் பிறப்பும் அப்படித்தான். ஜெர்மனியில் 1951இல் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம், ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கையும் அலமாரியும் வைத்து விற்கத் தொடங்கியது. வேன் ஒருவருடையது, வீடு இன்னொருவருடையது. ஃபோக்ஸ்வாகன் தன் கலிஃபோர்னியா மாடலைத் தானே உள்ளும் புறமுமாகத் தயாரிக்க ஆரம்பித்தது, 2003இல் வந்த டி5 தலைமுறையிலிருந்துதான். ஐரோப்பாவின் பெரிய கேம்பர் நிறுவனங்கள் பலவும் இன்றும் ஃபியட் டுகாட்டோ போன்ற வேனை வெளியில் வாங்கித்தான் உள்ளே வீடு கட்டுகின்றன.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? வண்டியையும் வீட்டையும் ஒரே பொருளாக வைத்து யாராவது கணக்குப் போட்டு, சோதித்து, எழுதி வைத்திருக்கிறார்களா என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் முக்கியமானவை மூன்று: எடை, ஈரம், மின்சாரம். மூன்றுமே அழகான பலகைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை.

எடை சுலபமானது, ஆனாலும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அண்ணன் பார்த்த ஷெட் வண்டியின் ஆர்.சி. புக்கில் சுமையோடு சேர்ந்த மொத்த எடை 3500 கிலோ. எடை மேடையில் ஏற்றியபோது, ஆளும் தண்ணீரும் இல்லாமலே 3050 வந்தது. மிச்சம் 450 கிலோ. நான்கு பேருக்கு 260 போனால் 190. தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, மிச்சம் 90. மெத்தை, பாத்திரம், அரிசி, துணிமணி, அம்மாவின் சக்கர நாற்காலி, அடுப்பு சிலிண்டர் என்று ஏற்றினால் அந்த 90 எங்கே போனது என்றே தெரியாது. டெல்டா சமதளம், மலை ஏறப்போவதில்லை, எஞ்சின் இழுத்துவிடும் என்று நினைப்போம். எஞ்சின் இழுக்கும்தான். பாரம் கூடிய டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி விரிவதும், அந்த மடிப்பில் சூடேறுவதும், சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை அதோடு சேர்வதும்தான் ஆபத்து.

எவ்வளவு எடை என்பதோடு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். அந்த வண்டியில் தண்ணீர்த் தொட்டியைப் பின்கதவை ஒட்டி, பின்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி வைத்திருந்தார்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே மூன்றரை மீட்டர். ஏற்றமரத்தை நினைத்துப் பாருங்கள்: பின்அச்சுதான் தாங்குமரம். 100 கிலோ தண்ணீரைப் பின்னால் தொங்கவிட்டால், பின்அச்சில் ஏறுவது 100 அல்ல, கிட்டத்தட்ட 129 கிலோ. கூடுதலான 29 கிலோ முன்சக்கரத்திலிருந்து தூக்கப்பட்டது. வண்டியைத் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வதும் முன்சக்கரம். அது லேசானால், வாய்க்கால் ஓரத்துக் குறுகலான சாலையில், மழை பெய்த அன்று, ஸ்டியரிங் கைக்குச் சொல்வது குறைந்துவிடும். ஒப்புதல் வாங்கிய வண்டியில் ஒவ்வொரு அச்சும் தாங்கும் எடையைப் பார்த்துத்தான் தொட்டியின் இடத்தை முடிவு செய்வார்கள். ஷெட்டில் பெரும்பாலும் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைப்பார்கள்.

அடுத்து ஈரம். டெல்டாக்காரர்கள் இதில்தான் மற்ற யாரையும்விட அதிகம் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போன மார்கழியில் ஒரு நண்பரின் வண்டியில் தரங்கம்பாடிப் பக்கம் ஓர் இரவு தங்கினேன். அதுவும் ஷெட்டில் கட்டியதுதான். விடியற்காலை நாலரை மணிக்கு நெற்றியில் சொட்டு விழுந்தது. வெளியே மழை இல்லை. வயல்மேல் பனி மட்டும் படர்ந்திருந்தது. கையை உயர்த்தி மேற்கூரைப் பலகையின் இணைப்பைத் தடவினால், விரல் நனைந்தது. ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தோம். வெப்பம் தடுக்க உள்ளே திணித்திருந்த கிளாஸ் வுல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சு, பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஊறியிருந்தது. அதற்கு மேலே கூரைத் தகரத்தின் உள்பக்கம் முழுக்க, பொங்கல் பானை மூடியில் நிற்பதுபோல் முத்து முத்தாக நீர்த்துளிகள். தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் துரு ஆரம்பித்திருந்தது. வண்டி கட்டி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? எங்கள் மூச்சிலிருந்தும், காற்றிலிருந்தும். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் ஒரு டம்ளருக்குக் குறையாமல் நீரை ஆவியாக விடுகிறார். மார்கழி, தை இரவுகளில் நம் பக்கம் 22 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். அந்தக் காற்றை இன்னும் 2 டிகிரி குளிரவைத்தால் போதும், ஆவி தண்ணீராகிவிடும். மேகமில்லாத இரவில் வண்டியின் கூரை வானத்தை நோக்கி அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பதால், சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். தகரக் கொட்டகையில் படுத்தவர்களுக்கு இது தெரியும்: தகரம் உள்பக்கம் வியர்க்கும், கீற்று வியர்க்காது. எஃகு வெப்பத்தைக் கடத்தும் வேகம் தெர்மகோலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். எனவே நடுவில் தெர்மகோல் ஒட்டிவிட்டு, சட்டங்களை வெறுமனே விட்டால், அந்தச் சட்டத்தின் மேல்தான் முதலில் தண்ணீர் கட்டும்.

சித்திரை, வைகாசியில் கதை தலைகீழாகும். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேலும் அந்தக் காற்று நீராகப் படியும். உள்ளே ஏசி 24 டிகிரியில் ஓடினால், உள்பலகையின் பின்பக்கம் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடும். பாடியின் ஓட்டைகள் வழியாக நுழையும் வெளிக்காற்று, பலகைக்குப் பின்னால் போய் நீராகும். குளிர்நாட்டில் ஈரம் உள்ளிருந்து வெளியே போகத் துடிக்கும். இங்கே வருஷத்தில் பல மாதம் வெளியிலிருந்து உள்ளே வரத் துடிக்கும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து, உள்பலகைக்குப் பின்னால் பாலித்தீன் தாள் ஒட்டிக் கட்டிய வண்டிகள் இங்கே உள்ளன. அந்தத் தாளின் மேலேயே தண்ணீர் கட்டிக்கொள்ளும். குளிருக்கென்று வடிவமைத்த கம்பெனி வண்டியை இறக்குமதி செய்தாலும் இதே சிக்கல் வரலாம். இரண்டு பருவத்துக்கும் ஒத்துவருவது, காற்றுப் புகாத நுண்ணறைகள் கொண்ட நுரை. ஏசி குழாய்க்குச் சுற்றுகிறார்களே, அந்தக் கருப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட். அதைத் தகரத்தின் மேலும் சட்டத்தின் மேலும் இடைவெளியே இல்லாமல் நேராக ஒட்டிவிட வேண்டும். ஈரக்காற்று தகரத்தைத் தொடாவிட்டால் துளி கட்ட இடமில்லை.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டேன் என்பார்களே, அதைப் போல மரத்துக்கும் ஈரமானி உண்டு. இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் அளவு சொல்லும். நம் பக்கத்துக் காற்றில் பிளைவுட் தானாகவே 15, 16 சதவீதத்தில் நிற்கும். 20ஐத் தாண்டினால் பூஞ்சைக்கும் மரம் இற்றுப்போவதற்கும் வழி திறந்துவிட்டது என்று பொருள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சக்கரத்தின் மேல்வளைவு, ஜன்னல் அடி, கழிப்பறைத் தரை மூன்றிலும் குத்திப் பார்க்கலாம். முடிந்தால் ஐப்பசி அடைமழைக்குப் பிறகு பார்ப்பது இன்னும் நல்லது.

மின்சாரத்தில் நடக்கும் தவறு எனக்குப் புரிகிற தவறுதான். ஷெட்டுக்கு வருகிற எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் வீட்டு வயரிங் செய்து பழகியவர். வீட்டில் 230 வோல்ட்டில் 1000 வாட் சாதனம் ஓடினால், வயரில் ஓடுவது நான்கேகால் ஆம்பியர். வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே 1000 வாட்டை எடுக்க 83 ஆம்பியர் வேண்டும். 19 மடங்கு. வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, அதே வயரில் 360 மடங்குக்கும் மேல் சூடு. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயரில், போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்று வைத்தால், மின்தடை 0.07 ஓம் வரும். லைட்டுக்கும் விசிறிக்கும் அது தாராளம். அதே வயரில் இன்வெர்ட்டரை மாட்டி அந்த 83 ஆம்பியரை ஓடவிட்டால், நானூறு வாட்டுக்கு மேல் வயரிலேயே எரியும். பிளைவுட்டுக்கும் நுரைக்கும் நடுவே ஒரு சிறு அடுப்பை வைத்ததற்குச் சமம். நண்பரின் வண்டியில் நனைந்த பலகையைக் கழற்றியபோது, இன்வெர்ட்டருக்குப் போன வயரின் மேல்தோல் ஒரு முழ நீளத்துக்குப் பழுப்பேறியிருந்ததையும் பார்த்தோம். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லை. ஃபியூஸ் காப்பது சாதனத்தை அல்ல, வயரை. அதனால்தான் அது வயர் தொடங்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

ராத்திரி முழுக்க பேட்டரியில் ஏசி ஓடும் என்று யார் சொன்னாலும் ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் 1280 வாட்-மணி. ஒரு டன் ஏசி எடுப்பது ஏறத்தாழ 1000 வாட். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும், அவ்வளவுதான். கூரையில் 200 வாட் சோலார் தகடு இருந்தாலும் நல்ல வெயில் நாளில் கிடைப்பது 700, 800 வாட்-மணி. கூரை விசிறிக்கு 3 ஆம்பியர் போதும். பத்து மணி நேரம் ஓடினாலும் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது.

கேஸ் பற்றி ஒரே வார்த்தை: அது காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். எனவே சிலிண்டர் பெட்டியின் அடியில், வண்டிக்கு வெளியே திறக்கும் ஓட்டை இருந்தே ஆக வேண்டும். சிலிண்டரை வாரால் கட்டி, வார் சேஸோடு பிடித்திருக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 30 கிலோ சிலிண்டர் 600 கிலோ எடையின் விசையோடு முன்னால் பாயும். அம்மா உட்கார்ந்து வரும் இருக்கையின் பெல்ட்டும் பிளைவுட் பெட்டியில் திருகப்பட்டிருக்கக் கூடாது. எஃகில் பிடித்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்க்கும் முன்பே கேட்க வேண்டியது, ஆர்.சி. புக்கில் வண்டி வகை என்னவென்று போட்டிருக்கிறது என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புக்கில் பயணிகள் வேன், உள்ளே கட்டில் என்றால், எஃப்.சி. காட்டும் நாளிலும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும் நாளிலும் பதில் சொல்ல முடியாது. அண்ணன் பார்த்த வண்டிக்குக் கேரவன் என்றே பதிவு இருந்தது. அதனால்தான் மேற்கொண்டு பேசினோம்.

பலகையைத் திறந்து பார்க்க நேரமோ ஆர்வமோ இல்லாதவர்கள் ஒப்புதல் பெற்ற முழு வண்டியை வாங்குவதுதான் சரி. அவர்கள் கொடுக்கும் கூடுதல் விலையில் பெரும்பகுதி அந்தக் கணக்குக்கும் சோதனைக்கும்தான். எங்களுக்கு நேரம் இருந்தது. ஷெட்டுக்குப் போய், வண்டி கட்டியவரிடம், “அண்ணே, அந்த மேற்பலகையில ஒண்ணைக் கழட்டிக் காட்டுறீங்களா?” என்று கேட்டேன். தயங்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, அவரே ஆறு திருகையும் கழற்றினார். கருப்பு ரப்பர் ஷீட் சட்டத்தையும் சேர்த்து மூடியிருந்தது. ஊசி குத்திய இடமெல்லாம் 14, 15. இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு அருகிலேயே வைத்து, கட்டைவிரல் மொத்தத்தில் வயர் போட்டிருந்தார். ஃபியூஸும் இருந்தது.

தொட்டியை மட்டும் மாற்றச் சொன்னோம். “எல்லாரும் பின்னாடிதான் கேக்குறாங்க தம்பி, தண்ணி பிடிக்க வசதின்னு” என்றார். தாளில் வரைந்து காட்டியதும் ஒப்புக்கொண்டார். தொட்டி பின்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால், கட்டிலுக்கு அடியில் போனது. இரண்டு வாரம் கழித்துத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு அதே எடை மேடைக்குப் போனோம். பின்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றினோம். என் கணக்குப்படி 57 கிலோ குறைய வேண்டும். அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும். தொட்டி பின்னால் இருந்தபோது, இதே போல் தண்ணீரோடு 1960 என்று வந்த சீட்டில் இப்போது 1900.